திடீரென்று லைட் எரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயரிங் வேலை பார்ப்பவனிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "லைட் எரியலையே, என்னவா இருக்கும்?" என்றுதான் பேச்சே தொடங்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 220 முதல் 240 வோல்ட் வரை மின்சாரம் வரும் வீடுகளை மனதில் வைத்து எழுதியது. பல்பு, டியூப், ஸ்டார்ட்டர் மாற்றுவதும், டிரிப் ஆன எம்சிபியை (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மேலே தூக்குவதும் எல்லோரும் செய்யலாம். போர்டைக் கழற்றும் வேலை வந்தால், பழக்கம் உள்ளவர்கள் மட்டும் கை வையுங்கள்.

நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா எரிஞ்சது. இப்ப போட்டா எரியல. முதல்ல எதைப் பார்க்கணும்?

எரியாத லைட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பாருங்கள். அதே போர்டில் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா? அடுத்த அறையில் லைட் எரிகிறதா? பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா? இருட்டு எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கிறது என்று தெரிந்தால், பழுது எங்கே என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஒரே ஒரு லைட் மட்டும் எரியவில்லை, அதே போர்டில் ஃபேன் ஓடுகிறது என்றால் பழுது பல்பு, ஹோல்டர், அந்த சுவிட்ச், அந்த லைட்டுக்குப் போகும் வயர் ஆகியவற்றுக்குள்தான். ஓர் அறை முழுக்க இல்லையென்றால் அந்த அறைக்கு வரும் வயரையோ அதற்கான எம்சிபியையோ சந்தேகப்படலாம். பாதி வீடு இருட்டாக இருந்து, வீட்டுக்கு மூன்று ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) இணைப்பும் இருந்தால், ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். வீடு முழுக்க இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றால் மெயின் சுவிட்ச், மீட்டர் பக்கத்து ஃபியூஸ். தெருவே இருட்டு என்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

பல்புதான் போயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பார்க்க நல்லாத்தான் இருக்கு.

பழைய குண்டு பல்பில் இழை அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். எல்இடி பல்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆட்டிப் பார்ப்பதாலும் பயனில்லை. மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி, அதையும் இரண்டு பக்கமும் செய்யுங்கள். வேறு அறையில் எரிந்துகொண்டிருக்கும் பல்பை அணைத்து, சூடு ஆறியதும் கழற்றி இங்கே மாட்டுங்கள். இங்கிருந்து கழற்றியதை அங்கே மாட்டுங்கள்.

பலர் கடையில் வாங்கிய புதுப் பல்பை மாட்டிப் பார்த்து, எரியவில்லை என்றதும் வயரிங் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புதுப் பல்பே செத்துப்போய் வருவதுண்டு. கண் முன்னால் எரிந்த பல்புதான் நம்பகமான சாட்சி.

பல்பை மாத்தியும் எரியல. ஹோல்டர்ல என்ன பார்க்கணும்?

பார்ப்பதற்கு முன்னால் அந்த லைட்டுக்கான எம்சிபியை இறக்குங்கள். சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) போடப்பட்டிருக்கும். அங்கே சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எம்சிபியை இறக்குவதும் போதாது. அதைப் பற்றிய கேள்வி கீழே வருகிறது, அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

பின் ஹோல்டரில் இரண்டு ஸ்பிரிங் முனைகள் இருக்கும். அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வர வேண்டும். ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தால் பல்பின் அடியில் படாது. அழுத்திப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்று சொல்லப்படும் லைட்டுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. திருகு ஹோல்டரில் நடுவில் ஒரு பித்தளை நாக்கு இருக்கும். வருடக்கணக்கில் பல்பை இறுக்கி இறுக்கி அது அமுங்கிப்போகும். ஹோல்டர் கருகியிருந்தாலோ, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ சரிசெய்ய நினைக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

எல்இடி பல வருஷம் உழைக்கும்னு சொன்னாங்க. எங்க வீட்டுல மட்டும் ஏன் சீக்கிரம் போகுது?

அட்டைப்பெட்டியில் 15,000 மணி நேரம், 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பது பொதுவாக எல்இடி சில்லுகளைப் பற்றியது. அவற்றின் வெளிச்சம் முதல் நாள் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலத்தைத்தான் ஆயுள் என்று கணக்கிடுவார்கள். ஆனால் பல்பின் கழுத்துக்குள் டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. வரும் மின்சாரத்தைச் சில்லுகளுக்கு ஏற்றதாக மாற்றித் தருவது அதுதான். பெரும்பாலும் முதலில் சாவது அது.

அதற்குப் பகை சூடு. டிரைவரில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு, வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் காற்றே போகாத இடத்தில் மாட்டிய பல்பு சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். செத்த பல்பின் மூடியைக் கழற்றினால் வெள்ளைத் தட்டில் மஞ்சள் சதுரங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றின் நடுவில் மிளகு அளவு கரும்புள்ளி தெரிந்தால், அந்த ஒரு சில்லுதான் கருகியிருக்கிறது. பல பல்புகளில் எல்லாச் சில்லும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு.

ஒரே ஹோல்டரில் மட்டும் அடிக்கடி பல்பு போகிறது என்றால் கூண்டின் சூட்டையும் ஹோல்டரின் லூஸ் தொடர்பையும் பாருங்கள். வீடு முழுக்கப் போகிறது என்றால் வோல்டேஜை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டியூப் லைட்டுல ரெண்டு முனையும் சிவக்குது, ஆனா முழுசா எரிய மாட்டேங்குது.

ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. லைட் ஆனில் இருக்கும்போதே ஸ்டார்ட்டரைத் திருகி வெளியே எடுங்கள். அதற்கு மட்டும் இது சரி, அதுவும் அதன் உடல் பிளாஸ்டிக்காக இருந்தால். எடுத்ததும் டியூப் பளிச்சென்று எரிந்தால் புது ஸ்டார்ட்டர் ஒன்று போதும். எரிந்த பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையே கிடையாது.

விடாமல் மின்னி மின்னி அடங்குகிறது, முனைகள் கறுத்திருக்கின்றன என்றால் டியூப் கிழடாகிவிட்டது. எந்த அசைவும் இல்லையென்றால் டியூபை ஹோல்டரில் ஒருமுறை சுழற்றி உட்கார வையுங்கள், ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சோக்கை (டியூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) பார்க்க வேண்டும். பழைய டியூபிலும் சிஎஃப்எல்லிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துண்டுகளை அட்டையால் வாரி எடுங்கள். வாக்குவம் கிளீனர் போடாதீர்கள்.

எம்சிபி கீழே விழுந்திருக்கு. தூக்கிவிட்டா போதுமா?

ஒருமுறை தூக்கலாம். சில எம்சிபிகள் டிரிப் ஆனால் நடுவிலேயே நிற்கும். பார்க்க ஆனில் இருப்பதுபோல் தோன்றும். முழுக்கக் கீழே அழுத்திவிட்டு அப்புறம் மேலே தூக்குங்கள். குண்டு பல்பின் இழை அறுகிற நொடியில் உள்ளே தீப்பொறி தாவி எம்சிபி விழுவதுண்டு. அப்படியென்றால் தூக்கியதும் மற்ற லைட்டெல்லாம் வந்துவிடும், ஒன்று மட்டும் எரியாது.

தூக்கியவுடன் மறுபடி விழுந்தால் எங்கோ ஷார்ட். அந்தப் பகுதியின் எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத் தூக்குங்கள். இப்போது நின்றால் ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் ஆஃபில் இருந்தும் விழுந்தால் பழுது சுவருக்குள் இருக்கும் வயரில். அதோடு நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். கால் மணி, அரை மணி கழித்து விழுந்தால் லோடு அதிகம், அல்லது எம்சிபியின் ஸ்க்ரூ லூசாகிச் சூடேறுகிறது.

விழுந்தது எம்சிபியா ஆர்சிசிபியா என்றும் பாருங்கள். சோதனைக்கு ஒரு சின்ன பட்டன் வைத்திருப்பது ஆர்சிசிபி. அது லோடைப் பார்ப்பதில்லை, மின்கசிவைப் பார்க்கிறது. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி போடுவார்கள். அது விழுந்தால் ஈரத்தையும் வயரின் மேலுறையையும் சந்தேகப்பட வேண்டும். பழைய ஃபியூஸ் கட்டை உள்ள வீடு என்றால், கம்பி போனதும் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைக் கட்டாதீர்கள். உருக வேண்டியது ஃபியூஸ்; அது உருக மறுத்தால் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும்.

டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன், எரியுது. கரண்ட் வருதுன்னா லைட் ஏன் எரியல?

இதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஃபேஸில் வந்த மின்சாரம் பல்பு வழியாகப் போய் நியூட்ரலில் திரும்பினால்தான் வெளிச்சம். நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால் ஃபேஸ் வந்து நிற்கும், லைட் எரியாது, டெஸ்டரோ ஜோராக எரியும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பல்பை மாட்டி சுவிட்சையும் போட்டுவிட்டுச் சோதித்தால், சில சமயம் இரண்டு வயரிலும் டெஸ்டர் எரியும். "ரெண்டு ஃபேஸ் வருது, சர்வீஸ் லைன்ல பிரச்சினை" என்று சொல்லி மின்வாரியத்துக்குப் புகார் செய்தவர்களைத் தெரியும். உண்மையில் வந்திருப்பது ஒரே ஃபேஸ்தான். பல்பின் இழை வழியாக நியூட்ரல் வயருக்கும் ஏறி, திரும்பப் பாதை இல்லாமல் அங்கேயே நிற்கிறது. ஆகவே நியூட்ரல் அறுந்த இடத்தில் கறுப்பு வயர், நீல வயர், நியூட்ரல்தானே என்று நம்பித் தொட்டால் ஷாக் அடிக்கும்.

டெஸ்டர் மங்கலாக எரிந்தால் அதையும் நம்பாதீர்கள். நீண்ட தூரம் பக்கத்தில் ஓடும் ஃபேஸ் வயரிலிருந்து தூண்டப்பட்ட மின்னழுத்தமே அதை எரிய வைக்கும். எரியவில்லை என்றாலும் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. டெஸ்டரே பழுதாக இருக்கலாம். சோதிக்கும் முன்னும் பின்னும் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் வைத்து, டெஸ்டரையே சோதித்துக்கொள்ளுங்கள். தீர்மானமாகத் தெரிய வேண்டுமென்றால் மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைக்க வேண்டும்.

ஒரு ரூம்ல மட்டும் லைட், ஃபேன் ரெண்டும் போச்சு. எம்சிபி மேலேதான் இருக்கு.

மேலே சொன்ன நியூட்ரல்தான் முதல் சந்தேகம். நியூட்ரல் வயர் ஒரு பாயின்டிலிருந்து அடுத்த பாயின்டுக்கு லூப் அடித்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு ஸ்க்ரூ லூசானால் அதற்கு முன்னால் உள்ளவை எரியும், பின்னால் உள்ளவை அத்தனையும் அணையும். எந்தப் பாயின்ட் வரை எரிகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். அந்த நேரத்தில் சுவரில் யாராவது ஆணி அடித்தார்களா, டிரில் போட்டார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். எலி நடமாட்டம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மாடிப்படி லைட்டு கீழே போட்டா எரியுது, மேலே போட்டா எரியல. அப்புறம் மாறி மாறி வருது.

இரண்டு இடத்தில் சுவிட்ச் உள்ள லைட் இது. இரண்டு டூ-வே சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு வயர்கள் ஓடும். இரு சுவிட்சுகளின் நிலைகளையும் சேர்த்தால் மொத்தம் 4 விதம்: இரண்டும் மேலே, இரண்டும் கீழே, ஒன்று மேலே ஒன்று கீழே, அதுவே தலைகீழாக. நான்கையும் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் 2 விதத்தில் எரியும், 2 விதத்தில் அணையும்.

ஒரே ஒரு விதத்தில் மட்டும் எரிகிறது என்றால் நடுவே ஓடும் வயர்களில் ஒன்றோ, சுவிட்சுக்குள் ஒரு முனையோ போயிருக்கிறது. நான்கிலும் எரியவில்லை என்றால் முதலில் பல்பைப் பாருங்கள். இன்னொன்று: அண்மையில் யாராவது சுவிட்ச் மாற்றினார்களா? டூ-வே இருந்த இடத்தில் சாதா சுவிட்சைப் போட்டாலும் இதே கோளாறுதான் வரும்.

இன்வெர்ட்டர் இருக்கு. கரண்ட் இருக்கும்போதே சில லைட் மட்டும் எரியல. ஏன்?

அந்த லைட்டுகள் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். கரண்ட் இருக்கும்போதும் அவற்றுக்கு மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாகத்தான் போகிறது. உள்ளே ஒரு ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) மெயினையும் பேட்டரியையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. இன்வெர்ட்டருக்கு வரும் பிளக் லூசானாலோ, அதன் ஃபியூஸ் போனாலோ, அது கரண்ட் போய்விட்டதாக நினைத்து பேட்டரியில் ஓட்டும். பேட்டரி தீர்ந்ததும் லைட் அணையும். வீட்டில் மற்றதெல்லாம் ஓடுவதால் யாருக்கும் காரணம் பிடிபடாது. முகப்பில் 'மெயின்ஸ்' விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அது எரிந்தும் லைட் வரவில்லை என்றால் ஓவர்லோடில் டிரிப் ஆகியிருக்கலாம், அல்லது ரிலே முனை கருகியிருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். மெயின் சுவிட்சை இறக்கினால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பது இந்த வீடுகளில் ஆபத்து. மெயினை இறக்கிய அடுத்த நொடி இன்வெர்ட்டர் எழுந்து, அதே லைனில் மீண்டும் 230 வோல்ட் கொடுக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தாலும் போதாது. பல இன்வெர்ட்டர்களில் மெயின் கரண்ட் அதன் வழியே போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் நிறுத்திய பிறகுதான் ஹோல்டரில் கை வைக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடமும் "இன்வெர்ட்டர் இருக்கு" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுவிட்சை ஆஃப் பண்ணியும் எல்இடி மங்கலா எரியுது. சில நேரம் மினுக் மினுக்குனு அடிக்குது. பேய் பிசாசு இல்லையே?

இல்லை. எல்இடிக்கு மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும், அதனால்தான். சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியாகக் கசிவது பல்பை மினுக்கும். சுவிட்சுக்குப் போய்த் திரும்பும் வயர்கள் நீளமாகச் சேர்ந்து ஓடினாலும், டெஸ்டர் மங்கலாக எரிவதற்குச் சொன்ன அதே காரணத்தால் மினுக்கும். இவை இரண்டும் தொல்லைதான், ஆபத்தில்லை. வேறு கம்பெனி பல்பு மாட்டினாலே சில சமயம் நின்றுவிடும்.

மூன்றாவது காரணம் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். ஏன் என்று ஹோல்டர் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

சில லைட் கண்ணு கூசற மாதிரி எரியுது, சிலது மங்கிப் போச்சு. ஃபேன் பேய் வேகத்துல ஓடுது.

படிப்பதை நிறுத்திவிட்டு மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டருக்கு இதில் கவலையில்லை, முதலில் மெயின்.

இறக்கிவிட்டீர்களா? சரி. மெயின் நியூட்ரல் அறுந்திருக்கிறது அல்லது லூசாகியிருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் போய்விட்டால் அந்த 400, எந்த ஃபேஸில் எவ்வளவு லோடு இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பங்கு பிரிந்துவிடும். லோடு குறைந்த பக்கத்துக்கு 300 வோல்ட்டுக்கு மேல் போகலாம். அங்கே பல்பு, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் கருகும். உங்கள் வீட்டுக்கு ஒற்றை ஃபேஸ்தான் என்றாலும், தெருக் கம்பத்தில் பொது நியூட்ரல் அறுந்தால் இதே நிலைதான். எனவே வீட்டு எலக்ட்ரீஷியனோடு மின்வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் சரிசெய்து, வோல்டேஜை அளந்த பிறகே மெயினைத் தூக்குங்கள்.

மழை பெய்ஞ்சா மட்டும் லைட் போகுது. வெயில் வந்தா தானா சரியாயிடுது.

ஈரம். கேட் லைட், மொட்டை மாடி லைட், கசிவுள்ள கூரையின் கீழ் இருக்கும் சீலிங் பாயின்ட், இந்த வரிசையில் பாருங்கள். வெளி லைட்டின் கண்ணாடிக்குள் நீர்த்துளி தேங்கியிருந்தால் அதுவே போதும். காய்ந்ததும் எரிகிறதே என்று விட்டுவைக்காதீர்கள். உள்ளே முனைகள் பச்சை பூத்து அரித்துக்கொண்டிருக்கும். மழை நேரத்தில் ஆர்சிசிபி விழுந்தால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்காமல் அந்த லைட்டின் எம்சிபியை இறக்கிவையுங்கள்.

எலக்ட்ரீஷியன் வந்தா மட்டும் ஒழுங்கா எரியுது. அவர் போனதும் அணையுது. என்ன பண்றது?

லூஸ் தொடர்பின் குணம் இது. எரிய எரிய முனை சூடேறி விரியும், தொடர்பு விடும்; ஆறினால் மறுபடி தொடும். அவர் வரும்போது எல்லாம் ஆறிப்போயிருக்கும். சுவிட்சுக்குள் கிர்ர் என்று சத்தம் வருகிறதா, சுவிட்ச் பலகை வெதுவெதுப்பாக இருக்கிறதா, மீன் நாற்றம் போலவோ கருகல் போலவோ வாடை வருகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவருக்காகக் காத்திராமல் எம்சிபியை இறக்கிவிடுங்கள்.

எதுவும் இல்லையென்றால் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: போட்டு எவ்வளவு நேரத்தில் அணைந்தது, அப்போது மோட்டார், மிக்ஸி ஏதாவது ஓடியதா, மழையா, அதே நொடியில் வேறு எந்த லைட் மங்கியது, சுவிட்சைத் தட்டினால் வந்ததா. முடிந்தால் அணையும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். மறுபடி அவரைக் கூப்பிடும் நாளில், வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்த லைட்டைப் போட்டுச் சூடேற்றி வையுங்கள்.